பதினோராம் பொட்டலம்

ஐம்பத்திநாலாம் வருஷம், சங்கரன்கோவிலில் சயன்ஸ் வாத்தியார் கைலாசநாதனுக்கு மூணு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. ஒரே மூச்சில் நாற்பது நோட்டுத் திருத்துகிற மனுஷன், இப்போ என்னடான்னா உட்காருவார், எழும்புவார், வாசலுக்குப் போவார், சட்டைப் பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து இன்னொரு தரம் படிப்பார். எழுத்து அழியாமல் இருந்ததே பெரிசு.

கடுதாசி மெட்ராசிலிருந்து வந்தது. அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவருடைய காலேஜ் சிநேகிதர் குற்றாலநாதன், செடிகளின் சாற்றை எடுத்து, கட்டி வந்த எலிகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கிறார். புற்றுநோய்க்கு மருந்து ஏதும் அகப்படாதா என்று தேடல். அவர் கேட்டாரென்று கைலாசநாதனும் குருவிகுளம் கரிசல்காட்டில் இருபது தினுசு செடி பிடுங்கி, நிழலில் உலர்த்தி, நம்பர் போட்டுப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பியிருந்தார். பதில் இதுதான்: பதினோராம் பொட்டலத்துச் சாறு போட்ட எலிகளுக்குக் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது, அதே வேர் இன்னும் ரெண்டு வீசை அனுப்பு. பதினொன்று எது? கொழிஞ்சி வேர்! ஆடு மாடுகூடத் திரும்பிப் பார்க்காத கொழிஞ்சி!

வேறு வீட்டுக்காரருக்கு வந்த சேதியென்றால் சந்தோஷப்பட்டுவிட்டுப் போயிருப்பார். இவர் பெண்டாட்டி வடிவாம்பாளுக்கு இடது மார்பில் கட்டி. மார்பையே எடுக்கணும் என்று மதுரை டாக்டர் சொன்ன நாள் முதல் இவருக்குச் சோறு இறங்கவில்லை. கடுதாசி வந்ததோ இல்லையோ, “வடிவு, கத்தியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மருந்து நம்ம காட்டுலயே கெடக்கு!” என்று குதித்தார். மதுரைக்குத் தந்தி கொடுத்து ஆபரேஷனை மாசக் கடைசிக்குத் தள்ளிப்போட்டார். எலி எங்கே, மனுஷி எங்கே? சயன்ஸ் வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

புது வேர் பிடுங்கி நிழலில் உலர மூணு வாரம் ஆனது. ஒருநாள் சாயங்காலம் அதைப் பொட்டலம் கட்டினார்கள். இவர் சணலைத் தேடி வீடு முழுக்க அலைந்துவிட்டு வந்து பார்த்தால், வடிவாம்பாள் ஒரு டப்பாவிலிருந்து வேர்மேல் எதையோ தூவிக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, என்னது அது?”

“வசம்புப் பொடி. உளுந்துக்குப் போடுததுதான். போன தடவை இந்த வேர்ல வண்டு விழுந்திருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டுக் கட்டினேன். இல்லேன்னா மெட்ராஸ் போய்ச் சேருததுக்குள்ள மாவாப் போயிருக்கும்லா.”

“எல்லாப் பொட்டலத்துலயுமா?”

“மத்ததுல ஏது வண்டு? இதுல மட்டுந்தான்.”

அட கடவுளே! கைலாசநாதன் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்தார். கட்டியைச் சுருக்கியது கொழிஞ்சியா, வசம்பா, ரெண்டும் சேர்ந்தா? யார் கண்டது? இனித் தனித்தனியாக, முதலிலிருந்து பார்க்கணும்.

“தப்பாப் போச்சா? அப்ப ரெண்டையும் அரைச்சுக் குடிச்சிருதேன். அதுக்கு ஏன் இப்படி உட்காருதீங்க?” என்றாள் அவள்.

“வேண்டாம்ட்டி.” அவர் எழுந்து டப்பாவை வாங்கி மூடினார். “கொழிஞ்சிதான்னு தெரிஞ்சாக்கூட அது மருந்தாக எத்தனை வருஷம் ஆகுமோ. இது எனக்கு அன்னைக்கே தெரியும். உன்னைக் கத்திக்குக் கொடுக்கப் பயந்துக்கிட்டு அந்தக் கடுதாசியைப் பிடிச்சுத் தொங்கினேன்.”

வடிவாம்பாள் பொரிந்து தள்ளினாள்.

“உங்களுக்குத்தான் பயமா? எனக்கு இல்லையா? நீங்க குதிச்ச குதியைப் பார்த்து, இந்த மனுஷன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இந்த மூணு வாரத்துல அது பெருசாயிட்டு.”

எலிகளைப் பற்றி அத்தனை படித்தவர், பெண்டாட்டியின் கட்டியை ஒருதரம்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. அவளே அவர் கையைப் பிடித்து வைத்தாள். நெல்லிக்காய் அளவு என்று டாக்டர் சொன்னது, எலுமிச்சம்பழமாக இருந்தது.

“காலம்பற வண்டிக்கே மதுரைக்குப் போயிருவோம்” என்றார். கட்டி வந்ததிலிருந்து அழாத வடிவாம்பாள் அப்போதுதான் அழுதாள்.