மொச்சைக் கூடு, சோயாக் கூடு

1

இந்தக் கதை, ஒரு கோழி என்னை முறைத்ததில் பிறந்தது. கோழித்தீவன ஆலையில் முப்பத்தொரு வருடம் கலவை போட்டு ஓய்வு பெற்றவன் நான். அதற்குமுன் எந்தக் கோழியும் என்னை மதித்து ஏறிட்டுப் பார்த்ததில்லை. (யானை அளவுக் கோழி. சரி, பூனை அளவு.)

2

"கப்பலில் வரும் சோயாப் புண்ணாக்கை நம்பி ஒரு நாடே..." வேண்டாம், கட்டுரை வாடை.

"அண்ணி மொச்சை விதைத்த அன்று வானம்..." வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

நேராகவே சொல்கிறேன். ஆலையின் கலவைக்காரருக்குப் பட்டப்பெயர் அளவுகோல். சோற்றுக்கு உப்பைக்கூட நிறுத்துத்தான் போட்டுக்கொள்வார்.* அவருடைய அண்ணி நாலு ஏக்கரில் மொச்சை போட்டிருந்தார். சோயாவுக்குப் பதிலாக மொச்சை சரிப்பட்டால் விளைச்சல் முழுவதையும் ஆலை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அதைச் சீந்த ஆளில்லை.

ஆகவே அண்ணி வீட்டுப் பின்னால் இரண்டு கூடுகள். இடது கூட்டுக்குச் சோயாத் தீவனம், வலது கூட்டுக்கு வறுத்து இடித்த மொச்சை. காலையில் அளவுகோல் நிறுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நாற்பது நாள்.

* இதில் மிகையே இல்லை.

3

நாற்பதாம் நாள், இரண்டு கூட்டிலும் முட்டை ஒன்றுபோல. அளவுகோலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எப்படி அண்ணி இவ்வளவு கரெக்டா?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும், இதுல ரெண்டு கை அள்ளி அதுல, அதுல ரெண்டு கை அள்ளி இதுல. ஒண்ணு திங்கறத இன்னொண்ணு பாத்துக்கிட்டே நிக்குது. எனக்கு மனசு கேக்கல."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

"சரியா ரெண்டு கையா?"

"கையை யாரு நிறுத்தா, கொழுந்தனாரே?"

4

இங்கே எனக்கும் தலை சுற்றுகிறது. மொச்சை வென்றதா? இல்லை. தோற்றதா? அதுவும் இல்லை. கலந்து போட்டால் சரிப்படும் போலிருக்கிறது. எவ்வளவு கலந்தது என்பது அண்ணியின் கைக்குத்தான் தெரியும்.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார். வாங்க ஆளில்லாமல் மொச்சையில் வண்டு விழுகிறது.

முடிவு ஆ: மறைக்கிறார். கோழிகளெல்லாம் இளைத்து, காற்றில் பறந்து... அல்லது கொழுத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு... எது என்று தெரிந்தால்தானே எழுத.

முடிவு இ: இன்னொரு நாற்பது நாள் கேட்கிறார். ஆனால் அடுத்த சோயாக் கப்பலுக்கு முதலாளி வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட வேண்டும்.

5

வெள்ளிக்கிழமை. கூட்டின் முன் முதலாளி, கையில் பேனா.

"ரெண்டும் ஒண்ணாத்தான்யா இருக்கு. வலது கூட்டுக்கு மொச்சை மட்டும்தானே போட்டீங்க?"

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அளவுகோல் வாயைத் திறந்தார். அந்தக் கோழி என்னை முறைத்தது அப்போதுதான்.

(பட்டப்பெயருக்குப் பின்னால் ஒளிந்தது போதும். ஆலையில் கலவைக்காரர் ஒருவர்தான்.)

ஆமாவா, இல்லையா? நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் என்ன சொன்னேன் என்பது அண்ணிக்கும் கோழிக்கும் தெரியும். இருவருமே இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.