கண்டக்டரின் மூன்று ஸ்டிக்கர்கள்

சிறப்புக் குழந்தைகள் மையத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளை அந்த ஆண்டு நிதியைக் குறைத்தது. பிள்ளைகளை அழைத்துவரும் வேன், கை கால் பயிற்சி, பதினெட்டு வயது தாண்டியவர்கள் பகலெல்லாம் இருக்கும் பெரியவர்கள் அறை ஆகிய மூன்றில் இரண்டுதான் இனி நடக்கும். எதை மூடுவது என்பதைப் பயன்படுத்துகிறவர்களே தீர்மானிக்க வேண்டுமாம். சுவரில் மூன்று படங்கள் ஒட்டுவார்கள். ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர். பெற்றோருக்கும் உண்டு, பிள்ளைகளுக்கும் உண்டு.

“அவங்க கையில ரத்தம் படக் கூடாது. அதான் கத்திய நம்ம கையில குடுக்குறாங்க” என்றாள் துணி தேய்ப்பவள்.

அவளுக்கு ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. மகனுக்கு இருபத்திரண்டு வயது. வேனில் ஏறியதும் தகரத்தை இரண்டு தட்டு தட்டி “ரைட்!” என்பான். அவன் வாயில் முழுசாக வரும் ஒரே சொல். அதனால் எல்லோருக்கும் அவன் கண்டக்டர்.

பெரியவர்கள் அறை திறப்பதற்கு முன் நான்கு வருடம் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். கதவின் உள்பக்கம், அவன் நெற்றி உயரத்தில், பெயிண்ட் போய் மரம் தெரியும். அறை திறந்த அன்று பூட்டைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள்.

யார் யார் எதற்கு ஒட்டுவார்கள் என்று விசாரித்துத் தலை எண்ணிப் பார்த்தாள். மகனின் மூன்றும் விழுந்தால் அறை பிழைக்கும்.

ஒரு வாரம் பழக்கினாள். பெரியவர்கள் அறைக்கு மேசை நாற்காலிப் படம் என்று சொல்லியிருந்தார்கள். அதையே ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டினாள். சலவைப் பைகளுக்கு ஒட்டும் லேபிள்களைக் கையில் கொடுத்தாள். மேசைமேல் ஒட்டினால் கைதட்டுவாள். வேறெங்கு ஒட்டினாலும் தட்டமாட்டாள். நான்காம் நாள் அவனுக்குப் பிடிபட்டது. கைதட்டல் வந்த இடத்திலேயே அடுத்ததையும் ஒட்டினான்.

வேனை அவள் வரையவில்லை.

கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். நான்கு வயதுப் பெண்ணின் அம்மா துணி தேய்ப்பவளின் காதோரம் சாய்ந்தாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணு இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. உங்க பையன் வளர்ந்துட்டான்.”

“வளர்ந்ததுதாம்மா பிரச்சினையே. உன் பொண்ண இடுப்புல தூக்கிக்கலாம்.”

கண்டக்டரின் முறை கடைசியில் வந்தது. கூடவே எழுந்தவளை அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் புன்னகையோடு மறித்தாள். சின்னப் பெண், இதமான குரல்.

“அம்மா, நீங்க அவர் கையைப் பிடிக்கக் கூடாது. இது அவரோட குரல்.”

அவன் மேசைப் படத்தின் முன்னால் நின்றான். கை உயர்ந்தது. அப்போதுதான் பக்கத்தில் மஞ்சள் வேனைப் பார்த்தான். முதல் ஸ்டிக்கரை அதன் சக்கரத்தில் ஒட்டினான்.

அறக்கட்டளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவனாகவே ஒட்டிவிட்டானே என்று உண்மையான மகிழ்ச்சி அவர்களுக்கு.

“தட்டாதீங்க!” என்று அவள் கத்தியது அந்தச் சத்தத்தில் போயிற்று.

இரண்டாவதும் வேனில். கைதட்டல். மூன்றாவதும் வேனில். சுவரை இரண்டு தட்டு தட்டினான். “ரைட்!”

பயிற்சிக்கு இருபத்தைந்து, வேனுக்குப் பதினேழு, அறைக்குப் பதினைந்து.

“அவனுக்குப் புரியல மேடம். அந்த வேன்ல வந்தாதான் அறைக்கு வரலாம்னு நினைக்கிறான். அறையே இல்லன்னா வேன் அவனை ஏத்தாதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்குப் புரியலன்னு நாம முடிவு பண்ணக் கூடாதும்மா. இவ்வளவு காலம் எல்லாரும் அதைத்தானே பண்ணாங்க?”

ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளை நீட்டினாள். மகன் ஸ்டிக்கர் ஒட்டும் போட்டோ ஆண்டறிக்கையின் அட்டைக்கு வேண்டுமாம்.

“இங்க ஒரு கையெழுத்து.”

“அவனோட போட்டோதானே? அவனையே கேளுங்க.”

“சட்டப்படி நீங்கதானே காப்பாளர். அவர் போட்டா செல்லாதும்மா.”

அவள் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, வேறு மையத்தில் இடம் கிடைக்குமா என்று அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்கப் போனபோது, விண்ணப்பத்தோடு அந்தத் தாளையும் வைத்தார்கள். இரண்டிலும் போட்டாள். இடம் கிடைக்கவில்லை. அறிக்கை வந்தது, அட்டையில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாதம் பிறந்ததும் அறை மூடியது. வீட்டுக்கு வாங்கிய புதுப் பூட்டு பழையதைவிடக் கனமாக இருந்தது. அவள் சாவியைத் திருப்பும்போது வேன் தெருமுனையில் பழக்கத்தில் ஹாரன் அடித்தது. டிரைவருக்கு உடனே நினைவு வந்திருக்க வேண்டும்; வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்.

உள்ளே இரண்டு தட்டு. “ரைட்!”

வேன் போன சத்தம் அடங்கியது. மறுபடி இரண்டு தட்டு. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள். பக்கத்து வீட்டைத் தாண்டும்போது தட்டும் சத்தம் மாறியிருந்தது. கையால் தட்டுவதற்கும் நெற்றியால் முட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.