வேகாத முட்டை

பத்து வருஷமாகச் செல்போனைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான். என் பேச்சை விட்டுவிட்டு, எவனோ ஒரு வெட்டிப்பயல் அனுப்பிய வீடியோவை நம்பினாள் என் தங்கை. இரண்டு போன்களுக்கு நடுவே ஒரு முட்டை. ஒரு மணி நேரம் பேச்சு ஓடுகிறது. உரித்தால், வெந்திருக்கிறது! அன்றிலிருந்து ஏழு மாத வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு, போன் இருக்கிற அறைக்கே வரமாட்டேன் என்கிறாள்.

அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. துறைமுகத்துக்கு வரும்போதுதான் பேச முடியும். போன தடவை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனான். இன்று நாலு மணிக்கு மறுபடி கூப்பிடுவான். இதை விட்டால் அடுத்த மாதம்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் வீட்டுக் கோழிக்கூண்டில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து வந்தேன். தங்கை வாசற்படியோடு நின்றுகொண்டாள். வீடியோவில் காட்டியபடியே வைத்து, ஒரு போனிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆனது.

"சூடே இல்ல. வந்து தொட்டுப் பாரு."

"வெளிய அப்படித்தாண்ணே இருக்கும். உள்ள வெந்திருக்கும்."

பிடிவாதத்துக்குப் பிறந்தவள். உடைத்துக் காட்டலாம் என்று எடுத்தேன். ஆனால் எதையும் திறக்குமுன் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது என் தொழில் பழக்கம். சன்னலைச் சாத்திவிட்டு, போன் டார்ச்சின் மேல் முட்டையை நிறுத்தினேன்.

அடேயப்பா! ஓடு முழுக்கச் சிவந்தது. உள்ளே நூல் நூலாக ரத்த நாளங்கள். நடுவில் கடுகளவு புள்ளி ஒன்று துடித்தது. விடாமல் துடித்தது.

"என்னண்ணே, பேச்சையே காணோம்?"

"அடைக்கு வெச்ச முட்டைய எடுத்துட்டு வந்துட்டேன்மா. உயிர் இருக்கு."

எப்போது படியைத் தாண்டினாளோ, மேசையில் வயிறு இடிக்கக் குனிந்திருந்தாள்.

"துடிக்குதுண்ணே. இவ்வளவு நேரமும் துடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு." அவளுக்குக் கண் நிறைந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்? "முதல்ல ஓடிப்போய் அதோட அம்மாகிட்ட வை. குளிரும்."

வைத்துவிட்டு, கோழியிடம் இரண்டு கொத்தும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். போன் அடித்தது. அவளே எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வயிற்றின் மேல் வைத்தாள்.

"பேசுங்க. உங்க பிள்ளை கேக்குது."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"அப்பா பேசறேன்" என்றான் அவன்.