மாப்பிள்ளைக்கு வைத்த வெற்றிலை பாக்கு

திருத்தணி மலைப் படிகளுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலறையும். அனுசுயா தன் பெயரில் எடுத்த முதல் வாடகை வீடு அது. பால் காய்ச்ச அம்மாவையும் அப்பாவையும் மட்டுமே கூப்பிட்டிருந்தாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, உப்பும் மஞ்சளும் அரிசியும் வைத்த கூடையோடு படியேறும்போதே கௌரியம்மாள் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்பது அவளுக்கும் புருஷன் கண்ணையனுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன மாசம் போனில் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, நான் இருக்கிற எடம் அந்தாளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்." அந்தாள் என்றது கட்டிய புருஷன் சந்திரமோகனை. மூன்று வருஷத்தில் ஒரு தடவை கை எலும்பையும் ஒரு தடவை இரண்டு பல்லையும் உடைத்த உத்தமன்.

ஆனால் கண்ணையன் முறை தெரிந்த மனுஷராயிற்றே! மகள் வீட்டில் பால் பொங்கும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இல்லையென்றால் பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது? தகப்பன் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் எந்த மாப்பிள்ளையும் கோபத்தை விட்டு வருவான், பொங்கிய பாலை இருவரும் குடித்தால் குடும்பம் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். நேற்று மாப்பிள்ளை இருக்கும் பொதட்டூர்பேட்டைக்கே போய் அழைத்துவிட்டு வந்தார். தட்டில் வெற்றிலையை அடுக்கிக் கொடுத்தவள் கௌரியம்மாள். வேண்டாமே என்று இழுத்தாள். "வாய மூடு" என்றார். மூடிக்கொண்டாள்.

"வாம்மா, வா நைனா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் அனுசுயா வீட்டைக் காட்டினாள். புது அடுப்பு, நாலு டப்பா, கடைத்தெருவில் வாங்கிய குட்டி அம்மி. "எல்லாம் என் சம்பளத்துல வாங்கினது. நல்லாக்கீதா?" அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கௌரியம்மாளுக்குக் கண் கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாமா, கதவைப் பூட்டச் சொல்லலாமா என்று தவித்தாள். கடைசியில் கூடையிலிருந்த அரிசியை எடுத்து டப்பாவில் கொட்டினாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்த நேரம் கீழே பைக் வந்து நின்றது. கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "வாங்க மாப்ள, வாங்க."

அனுசுயா கதவைச் சாத்த ஓடினாள். அதற்குள் அவன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டான்.

"நைனா, நீயா சொன்ன?"

"இன்னாமா இது, வந்தவர வாங்கன்னு கூப்புடாம? பேசித் தீத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணையன் மகளின் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்தார். சண்டையை விலக்குகிற பெரிய மனுஷன் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார்.

"தனி வீடு கேக்குதாடி உனக்கு?" என்று சந்திரமோகன் அறைந்தான். உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் அவள் தலை நிலைச்சட்டத்தில் மோதியது. "மாப்ள, போதும் மாப்ள" என்று கண்ணையனின் வாய் சொன்னது. கை மட்டும் விடவில்லை. "எதுத்துப் பேசாதம்மா, ரெண்டு அடியோட அவரு ஆத்திரம் அடங்கிடும்" என்று மகள் காதில் புத்தி வேறு சொன்னார். அவன் அவள் வயிற்றில் முட்டியால் இடித்தான். பிறகு கழுத்தை நெரிக்க ஆரம்பித்தான். அனுசுயாவின் கால்கள் தரையை உதைத்தன, கண் பிதுங்கியது.

கௌரியம்மாள் அடிக்கிறவனைப் பார்த்துப் பார்த்து அலறினாள். அப்புறம்தான் மகளைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தாள். அம்மியிலிருந்த குழவியைத் தூக்கி வந்து தன் புருஷன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கண்ணையன் ஊளையிட்டுக்கொண்டு விலகினார். கை விடுபட்ட அனுசுயா இரண்டு விரலால் சந்திரமோகனின் கண்ணைக் குத்தினாள். பிடி தளர்ந்ததும் அடுப்புக்கு ஓடி, பால் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி வந்து அவன் முகத்தில் கவிழ்த்தாள். அவன் கதறிக்கொண்டு படிக்கட்டில் உருண்டான். கீழ் வீட்டுக்காரி சுதா கேட்டைப் பூட்டினாள். தெருக்காரர்கள் போலீஸ் வருகிற வரைக்கும் அவனை மொத்தியெடுத்தார்கள். கௌரியம்மாள் மாடியிலிருந்து அதைப் பார்த்தாள். இன்னும் நாலு போட்டால் தேவலை என்றிருந்தது.

போலீஸ் அவனைக் கொண்டுபோன பிறகு, "பெத்தவன் கைய ஒடச்சிட்டீங்களேடி" என்று புலம்பிய கண்ணையனை அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

"கெளம்பு நைனா. இனிமே இங்க வராத."

அவர் இறங்கிப் போனார். கௌரியம்மாள் மகளின் வெந்த உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ என்கூடவே இருந்துடும்மா" என்றாள் அனுசுயா. குரல் கரகரத்தது. "நைனா உனக்குத் தெரியாமதான போய்ச் சொன்னாரு?"

ஆங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வீட்டில், இந்த மகளோடு, அடி உதை இல்லாமல் மிச்ச நாளை ஓட்டிவிடலாம்.

"தெரியும்டி கண்ணு. தட்ட எடுத்துக் குடுத்ததே நான்தான்."

அனுசுயா கையை இழுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீயும் போம்மா" என்றாள்.

படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் மேல் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கீழ்த் தாழ்ப்பாள், பிறகு சாவி. தனக்கும் சேர்த்துத்தான் பூட்டுகிறாள் என்று தெரிந்ததும் நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. ஆனாலும், "நல்லா பூட்டிக்கோ" என்று அழுதுகொண்டே மேலே பார்த்துச் சொன்னாள்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கண்ணையன், "வாடி, கை உயிர் போவுது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். கௌரியம்மாள் ஆட்டோவைத் தாண்டிப் போய் சுதாவின் முன்னால் நின்றாள்.

"என்னை ஸ்டேசனுக்குக் கூட்டினு போறியாம்மா? அடிச்சது யாரு, புடிச்சிகினது யாரு, வரச்சொல்லி வெத்தல எடுத்துக் குடுத்தது யாரு, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கணும்."