விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

விடியுமுன்னே பேச்சித்தாயின் கையில் உலக்கை ஏறிவிடும். உரலில் உளுந்து மாவு உப்போடும் அப்பளக்காரத்தோடும் பிரண்டைச் சாற்றோடும் கெட்டித்துக் கிடக்கும். எதிரே மாரித்தாய் ஒரு குத்து, இவள் ஒரு குத்து. எண்ணெய் தொட்டு இடித்து இடித்து, மாவு இழுத்த இழுப்புக்கு வரும்போது இருவருக்கும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாக்கில் கரையும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்காகப் பேச்சித்தாயின் வலது தோள் தேய்ந்துபோனது ஊருக்குத் தெரியாது.

அப்பளக் கம்பெனி முதலாளி அருணாசலம் அண்ணாச்சி மாவு இடிக்க மெஷின் வாங்கவில்லை. மெஷினைவிட இந்த இரண்டு பெண்களும் அவருக்கு மலிவு.

அந்தக் கம்பெனியில் உடம்பு நோகாத இடம் ஒன்றுதான் உண்டு. பாக்கெட் போடும் அறை. அங்கே ஒரு நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி. அதில் உட்கார்ந்திருந்த லில்லி மகளோடு தூத்துக்குடிக்குக் குடிபோனதும், இனி அது தனக்குத்தான் என்று பேச்சித்தாய் நம்பினாள். இப்படி ஓயாமல் உலக்கை பிடித்தால் கை தூக்கவே வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உலக்கையை விட்டால் வேலை போகும். நாற்காலி கிடைத்தால் பிழைத்துக்கொள்வாள்.

ஆனால் அதில் ஷம்ஸியா வந்து உட்கார்ந்தாள்.

பொட்டல்புதூரிலிருந்து பஸ்ஸில் வருகிற சின்ன வயதுப் பெண். சவூதிக்குப் போன புருஷனிடமிருந்து தகவலே இல்லை. கைப்பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்தில் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறியிருக்கிறாள். பர்தாவைக் கழற்றினால் பார்க்கலாம் என்று ஒரு ஜவுளிக்கடையில் சொன்னார்களாம். இதெல்லாம் பேச்சித்தாய்க்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது யாராவது சொல்ல வந்திருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

வயிறு எரிந்தது அவளுக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த அறையையே பார்த்தாள். தண்ணீர் குடிக்க எத்தனை தரம் எழுந்தாள், தொழுகைக்கு ஒதுங்கி எப்போது திரும்பினாள், எல்லாம் கணக்கு. எல்லாவற்றையும்விட அந்த வியர்க்காத முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையால்லா இருக்கு" என்று மாரித்தாயிடம் சொன்னாள், ஷம்ஸியாவின் காதில் விழும்படியே.

ஷம்ஸியா தலை நிமிராமல் அடுத்த பாக்கெட்டை ஒட்டினாள். அதற்கும் பேச்சித்தாய்க்குக் கோபம் வந்தது.

ஒருநாள் துபாய் வியாபாரிகள் வந்தார்கள். தம்முடைய கம்பெனியில் சாதி மதம் பார்ப்பதில்லை என்று அண்ணாச்சி வாய் ஓயாமல் சொன்னார். ஷம்ஸியாவை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் அப்பளக் கட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இடிக்கிறவர்கள் வேர்வையோடு முன்னால் வரக்கூடாது என்று உத்தரவு. பேச்சித்தாய் பின்கட்டில் நின்று கேமரா வெளிச்சத்தைப் பார்த்தாள். ஆர்டர் கிடைத்துவிட்டது.

மறுவாரம் மழை வந்தது. உருட்டிய அப்பளங்களைப் பாயில் பரப்பி ஒவ்வொருத்தியும் தன் தன் பாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். பொதிகை மலைப் பக்கம் வானம் கருத்து, காற்று திரும்பியது. மேகம் கருத்தால் யார் பாய் என்று பார்க்காமல் கைக்கு எட்டியதைத் தூக்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. எல்லோரும் ஓடினார்கள். பேச்சித்தாய் குனிந்தாள். தோள் பிடித்துக்கொண்டது. கை எழவில்லை.

முதல் தூறல் விழுவதற்குள் பாக்கெட் அறையிலிருந்து ஷம்ஸியா பாய்ந்து வந்தாள். பர்தாவை இடுப்பில் செருகிக்கொண்டு, பேச்சித்தாயின் பாயை அப்படியே அள்ளித் தாழ்வாரத்தில் சேர்த்தாள். ஒரு அப்பளம்கூட நனையவில்லை. அவளுடைய தோளில் வலி இல்லையே என்று அந்த நேரத்திலும் பேச்சித்தாய்க்குப் பொறாமைதான் வந்தது.

பாக்கெட் அறையில் ஷம்ஸியா மூடாமல் விட்டு ஓடிவந்த ஜன்னல் வழியே சாரல் அடித்து, இரண்டு பெட்டி அப்பளம் நமுத்துப்போயிருந்தது. மறுநாள் காலையில் அண்ணாச்சி பேச்சித்தாயைத் தனியே கூப்பிட்டார். என்றுமில்லாத வழக்கமாய் உட்காரச் சொன்னார்.

"படம் எடுத்தாச்சு, ஆர்டரும் வந்தாச்சு. இனி அந்தப் பிள்ள எதுக்கு? சும்மா நிப்பாட்டுனா அவ ஊர்க்காரங்க வந்து கேப்பாங்க. அவ அஜாக்கிரதையாலதான் சரக்கு கெட்டுதுன்னு எல்லாரு முன்னாலயும் நீ ஒரு வார்த்த சொல்லு. நாளையிலேருந்து நாற்காலி ஒனக்கு."

பேச்சித்தாய்க்கு ஆசை வரவில்லை என்று எழுதினால் அது பொய். அந்த விசிறிக் காற்று கழுத்தில் படுவதுபோலவே இருந்தது. எழுந்து முற்றத்துக்கு வரும்வரை தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

எல்லோரையும் நிறுத்தியிருந்தார்கள். ஷம்ஸியா தூணோரம் நின்றாள். இந்த வேலையும் போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. துணைக்கு என்று அவள் பார்க்க அங்கே யாரும் இல்லை. படம் எடுத்ததும் கறிவேப்பிலையாகத் தூக்கிப்போடுகிறார்கள். தோள் போனதும் தன்னையும் இப்படித்தானே போடுவார்கள் என்று பேச்சித்தாய்க்குச் சுருக்கென்றது.

"ஜன்னலத் தெறந்து போட்டுட்டு ஓடுனது அவதான்" என்றாள். அண்ணாச்சி தலையாட்டினார். "என் பாயத் தூக்கத்தான் ஓடியாந்தா. மேகம் கருத்தா யாரு பாயின்னு பாக்கக்கூடாதுங்கது இங்கன உள்ள சட்டம். அவ அதச் செஞ்சா. குத்தம்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

"நாற்காலி வேண்டாமா ஒனக்கு?"

"வேணும் அண்ணாச்சி. மாரிக்கும் வேணும். அவளுக்கும் வேணும். கன்னடியன் கால்வாய்ல வயலுக்குத் தண்ணி பாய்ச்ச ஆளுக்கொரு மொற வைக்கலயா? அதுமாதி வாரத்துக்கு ஒருத்தி உக்காருதோம். மத்த வாரம் அவளும் எங்ககூட இடிக்கட்டும்."

"கம்பெனி என்னது. மொற வைக்க நீ யாரு? வேலைக்கு ஆளா இல்ல? நாளைக்கே வாசல்ல வந்து நிப்பாளுக."

"நிக்கட்டும்" என்றாள் மாரித்தாய். "அவளுகளுக்கும் தேயுறதுக்குத் தோளு இருக்குல்லா." உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். உரலில் மாவு பாதி இடிபட்டுக் கிடந்தது. அப்படியே விட்டால் மத்தியானத்துக்குள் கல்லாகிவிடும். அது அண்ணாச்சிக்கும் தெரியும். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஷம்ஸியா தயங்கித் தயங்கிப் பேச்சித்தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இடிக்கத் தெரியாதே அக்கா."

"பைய வரும்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் பேச்சித்தாய்: "ஏளா, ஒன்மேல எனக்கு அம்புட்டுப் பொறாமை. இன்னும் முழுசாப் போவல."

"எனக்கும்தான்" என்றாள் ஷம்ஸியா. "நீங்க எல்லாரும் பேசிச் சிரிச்சு இடிப்பீங்க. நான் அங்கன ஒத்தையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்."

பேச்சித்தாய் நகர்ந்து, தனக்கும் மாரித்தாய்க்கும் நடுவே அவளுக்கு இடம் விட்டாள். உள்ளே யாரும் அணைக்காத மின்விசிறி காலி நாற்காலிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.