எண் வெட்டிய எக்ஸ்ரே

"பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இருக்கு டாக்டர். வேலைக்குச் சேர்றப்ப எடுத்தது. ஏழு வருஷம் இருக்கும். பீரோ மேல கவரோட பத்திரமா வச்சிருக்கேன்" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தன் நகங்களைப் பார்த்தார். நக இடுக்குகளில் காய்ந்துபோன வெள்ளைப் பெயின்ட் இருந்தது. கையை மெல்ல மடியில் மறைத்துக்கொண்டார். பெட்டி, பீப்பாய், லாரிக் கதவு, நாற்காலி முதுகு என்று எதில் எண் எழுத வேண்டுமானாலும் ஊரில் அவரைத்தான் தேடி வருவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை மறந்து எல்லோரும் அவரை 'நம்பர்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டிருந்தார்.

எல்லாம் ஒரு இருமலில் ஆரம்பித்தது. மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கண்ணாடியில் போட்ட வட்டத் துளை வழியாக நாள் முழுக்கக் கத்த வேண்டும். இருமல் நிற்கவில்லை. அவள் இருமினால் வரிசையில் நிற்கிறவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று எடுத்ததில், இருமலுக்குக் காரணம் ஒன்றும் தென்படவில்லை. இருமலும் தானாக நின்றுவிட்டது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, வலது தோளை ஒட்டிய காறை எலும்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள். புள்ளி அங்கேதான் இருந்தது.

"இது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம்மா" என்றார் டாக்டர். "எப்பவோ வந்து ஆறிப்போன புண்ணோட தழும்பா இருந்தா, நாம தொடவே வேண்டாம். புதுசா வந்ததா இருந்தா ஊசி விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கணும். இடம் கொஞ்சம் சிக்கலான இடம், பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது. பழைய படத்துலயும் இதே அளவுல இருந்துச்சுன்னா, ஊசி பேச்சையே விட்டுரலாம். ஊசிக்கு வியாழக்கிழமை எழுதறேன். அதுக்குள்ள படத்தைக் கொண்டு வாங்க."

"அப்ப எடுத்தவங்ககிட்ட இருக்காதுங்களா?" என்று நம்பர் கேட்டார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"உங்க கையிலதான கொடுத்தாங்க? அவங்க எதுக்கு வச்சிருக்கப் போறாங்க?"

மாடிப்படியில் இறங்கும்போது நம்பர் தனக்குள் கணக்குப் போட்டார். வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் வீடு மாற்றியது படம் எடுப்பதற்கு முன்பு. கரையான் அரித்தது என்று சொல்லலாம். கரையான் பிளாஸ்டிக்கைத் தின்னுமா? தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துப் பொய் சொல்வது அவருக்கு வராது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மனைவி, வீட்டுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தை எடுத்துவிட வேண்டும், மறந்துபோகும் என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் கூடியது. இந்தத் தெளிவை வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டு, அதன்பிறகு உடைப்பதா?

"பீரோ மேல இருக்கிறது கவர் மட்டும்தான்" என்றார்.

"படம்?"

"வெட்டிட்டேன்."

"என்னத்த வெட்டினீங்க?"

"நம்பர்."

பேருந்து வந்தது. ஆட்கள் ஏறினார்கள். அவர்கள் இருவரும் ஏறவில்லை. எண் வடிவில் ஓட்டை போட்டு, அதன்மேல் பெயின்ட் பூசி எழுதுகிற அச்சு வெட்டுவதற்கு எக்ஸ்ரே படத்தைப் போலத் தோதான பொருள் வேறு கிடையாது. வளையும், கிழியாது, பெயின்டைக் குடிக்காது. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்குக் கால் ஒடிந்தாலும், எலும்பு கூடியதும் படம் அவர் கடைக்கு வந்து சேரும். இது மனைவிக்கும் தெரியும். தெரியாதது இது ஒன்றுதான்.

"ஏங்க, ஊர்ல உள்ளவன் கை, கால், இடுப்பெல்லாம் கடையில தொங்குதே. அது பத்தலையா? என் நெஞ்சுதான் கெடச்சுதா?"

"அன்னைக்கு அவசரம். ஸ்டேடியம் நாற்காலி வேலை. மூணு நாள்ல திறப்பு விழா. கைவசம் பெரிய படம் ஒண்ணுமில்ல. உனக்கு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்களே, இனிமே எதுக்குன்னு..."

"எத்தன நாற்காலி?"

"மூவாயிரம்."

"அப்ப மூவாயிரம் பேரு என் நெஞ்சு மேல சாஞ்சு உக்காந்திருக்கான். இருமாம என்ன பண்ணும்?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நம்பரும் சிரிக்கப் போனார். பாதியில் அவள் சிரிப்பு நின்று முந்தானை கண்ணுக்குப் போனது.

மறுநாள் காலை அவள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். சுவர் முழுக்க ஆணிகளில் அச்சுகள் தொங்கின. பெயின்ட் ஏறி ஏறித் தோல்போலத் தடித்துப்போனவை. சிலவற்றை நம்பர் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடுவது வழக்கம். கழுவினால் படம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் பென்சில் கோடு தெரியும், வெட்டச் சுலபம். மனைவியின் படத்தைக் கழுவினாரா இல்லையா? கழுவ நேரமில்லாமல் அப்படியே வெட்டியதாகத்தான் ஞாபகம். ஆனால் இரவெல்லாம் யோசித்ததில் அந்த ஞாபகமும் கழுவினாற்போல் ஆகியிருந்தது. ஒவ்வொரு அச்சாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். யாருடையதோ முழங்கால். யாருடையதோ தாடை, அதில் 'கவனம்' என்று வெட்டியிருந்தது. மனைவியின் படத்தை நான்கு துண்டாக நறுக்கித்தான் எண்களை வெட்டியிருந்தார். விலா எலும்பு தெரிகிற துண்டுகளாகப் பொறுக்கியதில், ஒரே மாதிரிக் கறுப்பில் மூன்று துண்டுகள் சேர்ந்தன. கழுவப்படாதவை. நம்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றில் இதயத்தின் நிழல், அதன் நடுவில் ஐந்தும் எட்டும். இன்னொன்றில் ஒரு பக்கத்துக் காறை எலும்பு.

"இது நான்தானா?" என்று மனைவி கேட்டாள். சின்ன வயதில் சுவரிலிருந்து விழுந்ததில் அவளுக்குக் காறை எலும்பு ஒன்று முறிந்து, கூடியபோது முடிச்சுப் போட்டாற்போல் புடைத்துக்கொண்டது. சட்டைக்கு மேலேயே தொட்டால் தெரியும். அவள் தன் வலது தோளுக்குக் கீழே தடவினாள். துண்டில் இருந்த எலும்பு வழுவழுவென்று இருந்தது. "இது இடது பக்கம். அந்தப் பக்கம் எங்க?"

அந்தப் பக்கத்துத் துண்டில்தான் ஆறாம் எண் வெட்டியிருந்தது. ஒன்பதை யாரும் தனியாக வெட்ட மாட்டார்கள். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. இரண்டு எண்ணுக்கு உழைக்கிற அச்சு என்பதால் அதற்கு மட்டும் ஒரு முழுத் துண்டை அகலமாக ஒதுக்கியிருந்தார். அதிகம் உழைக்கிறதைத்தான் எல்லோரும் இரவல் கேட்பார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மனைவியே சொன்னாள்: "என் தம்பிதான் வாங்கிட்டுப் போனான். வாங்கின பொருளத் திருப்பித் தர்ற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது."

தம்பிக்குச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலை. இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றதும் அவன் பயந்துபோனான். அச்சுக்காக என்று தெரிந்ததும் வழக்கம்போல் வாயை விட்டான். "ஒரு ஓட்டைப் பிளாஸ்டிக்குக்கு புருசனும் பொண்டாட்டியும் ஊர்வலமா மாமா? நான் என்ன அதைக் கொண்டுபோய் அடகா வைக்கப் போறேன்?"

"மாப்ள, அது உங்க அக்காவோட எக்ஸ்ரே."

"அக்கா நெஞ்சுலயா ஆறு போட்டுட்டு இருந்தேன் இத்தன நாளா?" என்று சிரித்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினான். பெட்டிகளுக்கு இடையில் புகுந்து, ஒவ்வொரு பெயின்ட் டப்பாவாகத் தூக்கிப் பார்த்தான். கடைசியில் ஒரு டப்பாவின் வாய்மீது, மூடிக்குப் பதிலாகக் கவிழ்த்துக் கல் வைத்திருந்த அந்த அச்சு கிடைத்தது. இரண்டு பக்கமும் பெயின்ட். கறுப்புமேல் வெள்ளை, வெள்ளைமேல் சிவப்பு. எலும்பா, கையா, காலா, ஒன்றும் தெரியவில்லை. ஆறின் வளையத்துக்குள் இருக்கும் நடுத்துண்டை இரண்டு மெல்லிய பட்டைகள் தாங்கிப் பிடித்திருக்கும். அதில் ஒரு பட்டை அறுந்து, நடுத்துண்டு ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தது.

கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்து நம்பர் பெயின்ட் கரைக்கும் தின்னரில் பஞ்சை நனைத்தார். சுரண்டினால் படத்தில் கீறல் விழும். அழுத்தினால் மிச்சப் பட்டையும் போகும். ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தார். பெயின்ட் தோல் மெதுவாகச் சுருண்டு உரிந்தது. மனைவி துண்டை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். மேல் விளிம்பில் ஒரு எலும்பு சாம்பல் நிறத்தில் ஓடியது. நடுவழியில் முடிச்சுப் போட்டாற்போல் புடைத்திருந்தது.

"நான்தான்" என்றாள்.

முடிச்சிலிருந்து இரண்டு விரல் கீழே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் போய் நின்றது ஆறின் நடுத்துண்டில். சுற்றிலும் வெட்டி எடுத்த வளையம், நடுவில் அந்தத் துண்டு மட்டும். கத்தி கொஞ்சம் உள்ளே வந்திருந்தால் அதுவும் அன்றைக்கே ஸ்டேடியத்துக் குப்பையோடு போயிருக்கும். நம்பர் பஞ்சை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே பண்ணு" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? பெயின்ட எடுக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான்."

"எல்லாம் போயி அங்க ஒண்ணுமே இல்லன்னா?"

தம்பி குனிந்து, ஆடுகிற நடுத்துண்டை அடியிலிருந்து உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தான். நம்பர் ஒற்றினார். சிவப்புப் போயிற்று. வெள்ளை போயிற்று. பஞ்சு கறுப்பாக வந்தபோது, அது பெயின்டா படமா என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். மூவரும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே மங்கலாக ஏதோ இருந்தது. இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது. இல்லை என்று நினைத்தால், அது ஒட்டிக்கொண்ட பெயின்ட் பொட்டு. தம்பி புள்ளி இருக்கிறது என்று அடித்துச் சொன்னான். அவன் அப்படி அடித்துச் சொன்னதாலேயே நம்பருக்குச் சந்தேகம் வந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா துண்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். தின்னர் வாடை அறை முழுக்கப் பரவியது. "இது என்ன?" என்றார்.

"ஆறு டாக்டர்" என்றார் நம்பர்.

"ஒன்பதும்" என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் புதிய படத்தைச் செருகி, பக்கத்தில் இந்தத் துண்டையும் வைத்து விளக்கைப் போட்டார். வெட்டிய இடத்தின் வழியே வெளிச்சம் பாய்ந்தது. அவருடைய வெள்ளைக் கோட்டின்மேல் பளீரென்று ஒரு ஆறு விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விலகினார்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது. ஓட்டைய மூடுங்க. நடுவுல மட்டும் கை படாம."

கணவன் ஒரு பக்கமிருந்தும் மனைவி ஒரு பக்கமிருந்தும் வளைவின்மேல் விரல்களை அடுக்கினார்கள். அவருடைய பெயின்ட் படிந்த நகங்கள், அவளுடைய மெல்லிய விரல்கள். கொஞ்சமும் இடைவெளி விடாமல் அழுத்திப் பிடித்தார்கள். விரல் ஓரங்களில் வெளிச்சம் சிவப்பாகக் கசிந்தது. டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு நடுத்துண்டின் அருகே முகத்தைக் கொண்டுவந்தார். ஒருமுறை புதிய படத்தைப் பார்த்தார். திரும்பவும் இங்கே வந்தார். அவர் மூச்சு நம்பரின் விரல்மேல் பட்டது. பக்கத்தில் மனைவி, யாரும் சொல்லாமலே, எக்ஸ்ரே எடுக்கிறபோது நிற்பதுபோல மோவாயை உயர்த்தி, தோள்களை முன்னால் தள்ளி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.