ஜால்ராவின் இரண்டு இலவச டிக்கெட்டுகள்

அவருக்கு ஜால்ரா என்று பெயர் வைத்தது யார் என்பதில் அந்தக் குடியிருப்பில் இன்னும் தகராறு தீரவில்லை. மேல்வீட்டு டீச்சர் தான்தான் என்கிறார். முக்குக்கடை லாண்டரிக்காரி, அது தன் மூளையில் உதித்தது என்று சத்தியம் செய்கிறாள். யார் வைத்தாலும் பெயர் பொருத்தமில்லை. அந்த மனிதர் ஆர்க்கெஸ்ட்ராவில் அடிப்பது சிம்பல். கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். மற்றவர்கள் வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருக்க, இவர் பின்வரிசையில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று, வேண்டிய இடம் வந்ததும் 'ஜாங்' என்று ஒரு மோது மோதுவார். அதற்குச் சம்பளம். ஆனால் வாழ்க்கையில் ஒருத்தருக்கும் ஜால்ரா போடத் தெரியாதவர். தெரிந்திருந்தால் இந்த வயதில் சாப்பிடும் தட்டு ஒன்றும் அடிக்கும் தட்டு இரண்டுமாக ஒண்டிக்கட்டையாய் நிற்க மாட்டார் என்பது டீச்சரின் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலையில் கறுப்புக் கோட்டோடு லாண்டரி வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார், கோட்டெல்லாம் வெளிய வந்திருக்கு? பொண்ணு கிண்ணு பார்க்கப் போறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை கச்சேரிம்மா. சினிமா இசையமைப்பாளர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாராட்டு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா."

"போன வருஷமும்தான் கச்சேரி நடந்துச்சு. அப்ப கோட்டை ஒரு உதறு உதறிட்டுப் போட்டுட்டுப் போனீங்க."

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு, "தங்கச்சி வர்றா," என்றார்.

இஸ்திரிப்பெட்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. அதைக் கீழே வைப்பதற்குள் செய்தி மேல்வீட்டுக்குப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். டீச்சர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் தங்கை கதை அந்தத் தெருவுக்கே அத்துப்படி. பெற்றவர்கள் போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தது அவர்தான். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தபோதுதான் கெட்டது. தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டிய நேரத்தில், மனிதர் ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு சினிமாப் பாட்டு. அதில் ஒரே ஒரு அடி. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். வேறு எவன் அடித்தாலும் அந்தச் சத்தம் வராது என்று இவருக்கு ஒரு மிதப்பு. கடைசியில் படம் வந்தது, பாட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். தங்கை சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "அந்தத் தட்டுகிட்டயே சொந்தம் கொண்டாடிக்கச் சொல்லு." அன்றைக்கு அறுந்த பேச்சு. அந்த மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், தங்கை வருவதாகச் சொல்லவே இல்லை. வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு இலவச டிக்கெட் உண்டு. வழக்கமாக ஜால்ராவின் டிக்கெட்டுகள் கோட்டுப் பையிலேயே மக்கிப்போகும். இந்த முறை என்ன தோன்றிற்றோ, எடுத்துக்கொண்டு நேரே தங்கை புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"வாங்க மச்சான்! என்ன, கண்ணு மங்கிடுச்சா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இது... அவகிட்ட குடுத்துடுங்க."

மாப்பிள்ளை டிக்கெட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனால் கண்ணாடி போட மாட்டார். "ரெண்டா? எனக்கு வேண்டாம் மச்சான். இருட்டுல உக்கார வச்சா குறட்டை விட்டுருவேன். அப்புறம் உங்க வாத்தியத்தோட அதையும் சேர்த்துக் கேட்கணும்."

"அவளையாவது அனுப்பி வைங்க."

"அனுப்புறதுக்கு அவ என்ன பார்சலா? குடுக்குறது என் பொறுப்பு. வர்றதும் வராததும் அவ இஷ்டம். அந்த வீட்டுல என் பேச்சு எடுபடும்னு நீங்களுமா நம்புறீங்க?"

"என்ன சொன்னான்னு ஒரு போன் போடுங்க."

போன் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவில்லையே. ஆகவே வருகிறாள் என்று ஜால்ரா கணக்குப் போட்டுக்கொண்டார். ஆசைப்பட்டவன் போடுகிற கணக்கு.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆர்க்கெஸ்ட்ராவிலும் போய் வாயைக் கொடுத்துவிட்டார். அங்கே ஒரு வழக்கம். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் தேநீர். வாசித்தவர்களின் வீட்டார் எல்லாம் அங்கே கூடுவார்கள். இது என் மாமியார், இது என் சின்னவன், இவள் என் நாத்தனார் என்று ஒரே அறிமுகப் படலம். ஜால்ரா மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைப்பார். வருஷக்கணக்காகத் துடைக்கிறார்; பித்தளை தேயாமல் இருப்பதே அதிசயம்.

ஒத்திகையின்போது வயலின் அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்: "உங்க வீட்டுல யார் சார் வர்றாங்க?" அவர் கேட்டது சும்மா. எல்லோரையும் கேட்டார், இவரையும் கேட்டார்.

"தங்கச்சியும் மாப்பிள்ளையும் வர்றாங்க."

"அட! உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா? நான் உங்களை வானத்துல இருந்து குதிச்ச ஆளுன்னு நினைச்சுட்டிருந்தேன். டீக்குக் கூட்டிட்டு வாங்க. பார்க்காம விடமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அரங்கம் நிறைந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரை. அதில் ஒவ்வொரு இசையமைப்பாளரின் முகமாக வந்து போயிற்று. காதல் தோல்விக்கென்றே மெட்டுப் போட்டவர், மழைப் பாட்டுகளால் வீடு கட்டியவர், பேய்ப் படத்துக்கு வாசித்து வாசித்து முகமே அப்படி ஆனவர். அறிவிப்பாளர் தாராளப் பிரபு. ஆளுக்கொரு சக்கரவர்த்திப் பட்டம் கொடுத்ததில், கடைசியில் ஆள்வதற்குக் குடிமக்கள் மிஞ்சவில்லை. அந்தச் சக்கரவர்த்திகளில் உயிரோடு இருந்தவர் ஒருவர். முதல் வரிசையில், காதில் கருவியோடு, தலை தொங்க அமர்ந்திருந்தார். அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோகிற பழைய படம் ஒன்றின் பின்னணி இசை அவருடையது. அன்றைய நிகழ்ச்சியின் உச்சம் அதுதான். அணை உடைகிற அந்த நொடிதான் ஜால்ராவின் அடி.

ஆனால் அவர் கண்ணெல்லாம் ஐந்தாவது வரிசை ஓரத்தில் இருந்த இரண்டு இருக்கைகளின் மேல். காலி. முதல் பாட்டு முடிந்தது, காலி. மழைப் பாட்டு முடிந்தது, காலி. முழு அரங்கத்தில் அந்த இரண்டு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரித் தெரிந்தன. பேய் முடிந்து கைதட்டல் ஓய்கிற நேரத்தில் இரண்டு உருவங்கள் குனிந்தபடி வந்து அங்கே உட்கார்ந்தன. ஒரு பெண், ஓர் ஆண். மேடை விளக்கு இவர் கண்ணில் அடித்தது, முகம் தெரியவில்லை. அந்தப் பெண் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கைக்கு அந்தப் பழக்கம் உண்டு. உலகத்தில் பாதிப் பேருக்கு உண்டுதான். அதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றுமா? குறட்டை மாப்பிள்ளைகூட வந்துவிட்டாரே என்று கோட்டை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அணை இசை தொடங்கியது. சிம்பல்காரருக்கு அடிப்பது பெரிய வேலையல்ல. சும்மா நிற்கும் நேரத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வேலை. முன்னால் நின்று கோல் வீசும் நடத்துநர் சில சமயம் கண் காட்டுவார், சில சமயம் மறந்துவிடுவார். எண்ணுபவன் எண்ணித்தான் ஆக வேண்டும். ஜால்ரா எண்ணினார். தட்டுகளைக் கையில் எடுத்தார். மார்புக்கு நேரே உயர்த்தினார். அவள் பார்க்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பெண் பக்கத்திலிருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. யாரோ.

யாரோ ஒருத்தி! பின்வரிசை டிக்கெட்டோடு வந்து, காலி இடம் கண்டு முன்னால் நகர்ந்த யாரோ. இந்த விஷயம் அவர் மண்டைக்குள் இறங்கி முடிவதற்குள் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. எண்ணிக்கையைத் தேடிப் பிடிப்பதற்குள் அணை உடைய வேண்டிய இடமும் போய்விட்டது. அந்தத் தொழிலில் ஒரு விதி: விட்டால் விட்டதுதான். பேசாமல் நிற்பவன் மறதிக்காரன். பிந்தி அடிப்பவன் பைத்தியக்காரன். ஜால்ரா உயர்த்திய தட்டுகளோடு அப்படியே நின்றார். பக்கத்தில் முரசடிப்பவர் நிலைமையைப் புரிந்துகொண்டு உருட்டு உருட்டென்று உருட்டினார். நடத்துநர் ஒரே ஒரு பார்வை எறிந்தார். அணை உடையாமலேயே வெள்ளம் வந்து ஊரை அடித்துக்கொண்டு போயிற்று.

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. முதல் வரிசைச் சக்கரவர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்குக் கேட்ட மாதிரியே இருக்கு," என்றார். முப்பது வருஷத்தில் முதல் தப்பு. கேட்க வந்தவர்களில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. தெரிந்து நாலு பேர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கூட்டம் கலையும்போது அவர் நேரே ஐந்தாவது வரிசைக்குப் போனார். கறுப்புக் கோட்டைக் கண்டதும் அந்தத் தம்பதி பதறி எழுந்தார்கள்.

"சார், காலியா இருந்துச்சு சார், அதான்..." என்றான் புருஷன்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா இந்த மனுஷன்?" என்று பெண்டாட்டி உடனே கட்சி மாறினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உள்ளே வந்து ஒரு டீ சாப்பிட்டுப் போங்க." கொஞ்சம் தயங்கி, "யாராவது கேட்டா என் தங்கச்சின்னு சொல்லணும்," என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன புரிந்ததோ. "அதுக்கென்ன. சொல்லிட்டாப் போச்சு," என்றாள்.

தேநீர் அறையில் வயலின் அம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது! சொல்லுங்க, உங்க அண்ணன் சின்ன வயசுல எப்படி? இப்ப மாதிரியே ஊமைக்கோட்டானா?"

"அய்யோ, எங்க அண்ணனா! வீட்டுல ஒரு பாத்திர மூடியை விட்டு வைக்க மாட்டார். எல்லாத்தையும் தட்டித் தட்டி நெளிச்சு வச்சிருப்பார். எங்கம்மா கிட்ட அடி வாங்குறது நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜால்ராவும் சிரித்தார். பொய்யான அம்மா, பொய்யான மூடி. ஆனால் சிரிப்பு நிஜமாகவே வந்தது. புருஷன்காரன் மூன்றாவது தேநீரில் இருந்தான்.

அப்போதுதான் வாசற்படியில் ஒருத்தி நிற்பதை அவர் பார்த்தார். கையில் டிக்கெட். தலையில் நரை கூடியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எவ்வளவு கேட்டாள், தெரியவில்லை.

வயலின் அம்மாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "வாங்க, வாங்க. நீங்க யார் வீடு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். கன்னத்தில் கைவைக்கவில்லை.

"நான் இவருக்குப் பக்கத்து வீடு," என்றாள். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

தேநீர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினாள். ஜால்ரா தட்டுகளை நாற்காலியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அரங்கத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம். அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றாள்.

"எப்ப வந்தே?"

"பஸ் லேட்டு. வந்தப்ப சீட்டுல ஆள் இருந்தாங்க. உனக்கு வேண்டியவங்கன்னு நினைச்சேன். பின்னாடி சுவர்ல சாஞ்சு நின்னேன்."

"டிக்கெட்டைக் காட்டி எழுப்பியிருக்கலாமே."

"நல்லவேளை எழுப்பலை. உன் தங்கச்சி மனசு கஷ்டப்பட்டிருக்கும்."

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"நல்லாத்தான் பேசுறா," என்றாள் அவள். "நானா இருந்தா அவ்வளவு நல்லா சொல்லியிருக்க மாட்டேன்."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"அது தெரியுது." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "அந்தக் கடைசிப் பாட்டுல தட்டைத் தூக்கிட்டு ஏன் சும்மா நின்னே?" என்று கேட்டாள்.

அரங்கம் முழுக்க ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. இசை போட்டவரே கவனிக்கவில்லை. இவள் சுவரோரம் நின்று இவர் ஒருத்தரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் அமையாது. வாழ்க்கை முழுக்க சரியான நொடிக்காகக் காத்து நின்று பழகியவர், அந்த நொடியில் என்ன செய்தார்? "கணக்குத் தப்பிடுச்சு," என்றார்.

"உனக்கா," என்றாள் அவள். பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை என்பது பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

திரும்பி வந்தபோது அரங்க வாசலில் அந்தத் தம்பதி டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வயலின் அம்மா நின்றதால் அவள் தொண்டையைத் திறந்து கத்தினாள்: "போயிட்டு வர்றோம் அண்ணே! உடம்பைப் பார்த்துக்குங்க!"

"சரிம்மா. பார்த்துப் போ," என்றார்.

டாக்ஸி போகும்வரை கையை ஆட்டிவிட்டு வயலின் அம்மா சொன்னார்: "தங்கமான தங்கச்சி சார் உங்களுக்கு. அந்தப் பக்கத்து வீட்டம்மாதான் கொஞ்சம் சிடுசிடுன்னு இருந்தாங்க."

"அவ அப்படித்தான்," என்றார் ஜால்ரா. "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

சொல்லிவிட்டு, நாற்காலியில் விட்டுவந்த தட்டுகளை எடுக்க உள்ளே போனார்.